மல்லாந்து கிடப்பவன்

'குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்று நம்மவர்கள் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். தோற்றதை ஒப்புக்கொள்ளாத வீம்பனைக் கேலி செய்வதற்காக ஏற்பட்டது. ஐம்பத்தெட்டு வயது வரையில் நானும் அதை அந்தப் பொருளிலேதான் பிறர்மீது வீசி வந்திருக்கிறேன். சென்ற ஆண்டு குன்னூரில் பதினெட்டு நாள் தங்கியிருந்தபோது அந்தப் பழமொழியின்மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது. விழுவதையும் தோற்பதையும் சேர்த்து முடிச்சுப் போட்டது யார்? முதுகு தரையில் பட்டவன் தோற்றவன்தானா?

இந்தச் சந்தேகத்தை என் மனத்தில் எழுப்பியவன் என் தங்கை மகன். எழுப்பிய விதம், என் கழுத்தை நெரித்து.

தங்கை வாழ்க்கைப்பட்டுப் போன இடம் நீலகிரி. மச்சான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலைக்குக் கீழே ஒரு சரிவில் வீடு. வீட்டைச் சுற்றி ஒரு ஏக்கர் தேயிலை. இயந்திரங்களுடனேயே காலம் கழித்தவர் ஆதலால் மனிதர்களிடம் பேசும் வழக்கம் அவருக்கு அதிகம் இல்லை. இயந்திரத்தில் ஏதாவது சத்தம் மாறினால் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுவார். வீட்டில் சத்தம் மாறினால் தோட்டத்துப் பக்கம் போய்விடுவார்.

வீட்டில் சத்தம் மாறித்தான் இருந்தது. ஒருநாள் தங்கை தொலைபேசியில் அழுதாள்.

"அண்ணா, அவன் வந்து எட்டு மாசமாச்சுங்க. பெங்களூர்ல அத்தனை நல்ல வேலை. ஒருநாள் காலங்காத்தால ரெண்டு பையைத் தூக்கிட்டு வந்து நின்னான். ஏன்டான்னு கேட்டா, 'ஒண்ணுமில்லம்மா'ங்கிறான். பகலெல்லாம் ரூமுக்குள்ள கிடக்கிறான். சாயங்காலம் ஆனா நாலு பசங்களைச் சேத்துக்கிட்டுத் தரையில கட்டிப் புரண்டு உருள்றான். உருள்றதுக்காங்க அண்ணா இன்ஜினீயருக்குப் படிக்க வச்சோம்? நீங்க வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சுன்னா கேப்பான்."

கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு தொல்லை உண்டு. கற்பனைப் பாத்திரங்களை நினைத்தபடி திருத்துகிறானே, நிஜ மனிதர்களையும் திருத்திவிடுவான் என்று குடும்பத்தார் நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை எனக்கும் கொஞ்சம் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மேட்டுப்பாளையத்தில் காலை ரயிலில் ஏறி உட்கார்ந்து, பையனுக்குச் சொல்லவேண்டியதை மனத்தில் ஒழுங்குபடுத்திக்கொண்டே போனேன். இந்த ரயில் 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கியது. 46 கிலோமீட்டர் பாதை. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம் ஆரம்பிக்கும். சுமார் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, மனிதன் சற்று வேகமாக ஓடினால் கூடவே வந்துவிடலாம் போன்ற நடையில் வண்டி ஏறும். எத்தனையோ தடவை பார்த்த பாதை. அன்று என் கண் வெளியே போகவில்லை. என் உபதேசத்துக்கு மூன்று பாகம் தயாரித்திருந்தேன். முதல் பாகம் பொறுமை. இரண்டாவது பெற்றோரின் தியாகம். மூன்றாவது, என் சொந்த வாழ்க்கையிலிருந்து உதாரணங்கள். மூன்றாவது பாகம் சற்று நீளமாக அமைந்துவிட்டது.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு முடித்ததும் அவனைத் திண்ணைக்கு அழைத்து மூன்று பாகத்தையும் அரங்கேற்றினேன். பையன் மரியாதைக்காரன். குறுக்கே பேசவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, "சரிங்க மாமா" என்றான். அவ்வளவுதான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட மாதிரி ஒரு 'சரிங்க மாமா'. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், அவன் உருளுகிற இடத்தையாவது பார்த்துவிடுவோம் என்று கூடவே கிளம்பினேன்.

வெகுகாலத்துக்கு முன்பே மூடிவிட்ட ஒரு தொழிற்சாலையின் மேல்மாடி அது. ஒரு காலத்தில் பறித்த கொழுந்தைப் பரப்பி வாட வைத்த இடம். பலகைத் தரை. நான்கு பக்கமும் ஜன்னல். ஜன்னல் வழியே மேகம் நுழைந்து உள்ளே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பலகையில் தேயிலை வாசனை. நடுவில் கனத்த ரப்பர்ப் பாய்களைப் பொருத்திப் போட்டிருந்தார்கள். அவற்றின்மேல் நாலு பையன்கள், முரட்டுப் பருத்தியில் தைத்த வெள்ளை அங்கி அணிந்து, இடுப்பில் துணிப் பட்டை கட்டி, ஒருவரை ஒருவர் பின்னிப் பிணைந்து கிடந்தார்கள். மற்றவர்கள் பட்டை வெள்ளை. என் மருமகனுடையது நீலம். பெங்களூரில் வேலை பார்த்த ஆறு வருஷமும் மாலையில் இதைத்தான் கற்றானாம். பிரேஸில் நாட்டு ஜியூ-ஜித்ஸு என்றான்.

இந்த இடத்தில் என் வாலிபப் பராக்கிரமத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோயமுத்தூரில் கல்லூரியில் படித்தபோது எட்டு மாதம் நான் குஸ்தி பழகியவன். வஸ்தாதிடம் இரண்டு பிடிகளுக்கு 'பலே' வாங்கியவன். ஆகவே அங்கே உட்கார்ந்து பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நம் கோதாவில் இரண்டு தோளும் மண்ணில் பட்டால் ஆட்டம் தீர்ந்தது. இங்கே ஒருவன் தானாகவே மல்லாந்து படுத்துக்கொள்கிறான். மற்றவன் அவன் கால்களுக்கு நடுவில் மண்டியிட்டுத் திண்டாடுகிறான்!

"என்ன கண்ணு, தோத்துப்போய்த்தான் ஆட்டத்தையே ஆரம்பிக்கிறீங்களா?" என்றேன்.

அவன் எட்டு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தான் என்று பிற்பாடு தங்கை கணக்குச் சொன்னாள். "வாங்க மாமா. நான் படுத்துக்கிறேன். என் காலைத் தாண்டிப் பக்கத்துல வந்து என்னை அமுக்குங்க. அது போதும்" என்றான்.

வேஷ்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அவன் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் என் இடுப்பைச் சுற்றிப் போட்டு, முதுகுக்குப் பின்னால் கணுக்கால்களைக் கோத்துக்கொண்டான். கிடுக்கிப்பிடி என்பார்களே, அதுதான். நான் பலத்தையெல்லாம் திரட்டி முன்னால் சாய்ந்து அவனை நசுக்கப் பார்த்தேன். தரையில் கையை ஊன்றினேன். அந்தக் கை எப்படி அவனுடையதாயிற்று என்று தெரியவில்லை. அடுத்த கணம் அவன் காலொன்று என் தோளில் ஏறியது. மற்றொரு கால் அதைப் பூட்டியது. என் தலையும் ஒரு கையும் அந்த முக்கோணத்துக்குள் இருந்தன. ஜன்னலில் தெரிந்த மேகம் கறுக்க ஆரம்பித்தது. "தட்டுங்க மாமா, தட்டுங்க!" என்றான் ஒரு சிறுவன். தட்டினேன். தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தை இயற்றியவர் யாராயிருந்தாலும் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

மூச்சு வந்ததும் வீம்பும் வந்தது. எனக்குத் தெரிந்த காமா பயில்வான் கதையை எடுத்து விட்டேன். 1910 செப்டம்பரில் லண்டனில் நம் காமாவும் போலந்துக்காரரான ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். காமாவின் வேகத்தைக் கண்ட ஸ்பிஸ்கோ கீழே குப்புறப் படுத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் காமா புரட்டிப் பார்த்தும் மல்லாத்த முடியவில்லை. ஆட்டம் சமம் என்று நிறுத்தினார்கள். மறுவாரம் மறுபடியும் மோத நாள் குறித்தபோது ஸ்பிஸ்கோ வரவேயில்லை. பட்டம் காமாவுக்குப் போயிற்று. 1928இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஸ்பிஸ்கோவின் முதுகு மண்ணில் இருந்தது. "படுத்துக்கறது ஒரு வித்தையா கண்ணு?" என்று முடித்தேன்.

அவன் கதையை ரசித்துக் கேட்டான். பிறகு, "அவரு குப்புறப் படுத்தாருங்க மாமா. அது ஒளியறது. மல்லாந்து படுத்தா எதிராளி மூஞ்சியைப் பாக்கலாம். கை ரெண்டு, கால் ரெண்டு, நாலும் வேலை செய்யும். ரெண்டும் வேற வேற" என்றான்.

இந்த வித்தை உலகம் சுற்றிய விதம் ஒரு நாவலுக்குக் காணும். 1882இல் டோக்கியோவில் ஜிகோரோ கானோ என்பவர் பழைய ஜப்பானிய ஜியூ-ஜித்ஸு முறைகளைத் திருத்தி 'ஜூடோ' என்று பெயரிட்டுக் கோடோகன் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பயின்ற மித்ஸுயோ மயேடா 1904இல் நாட்டை விட்டுக் கிளம்பிப் பல தேசங்களில் பயில்வான்களுடன் மோதிவிட்டு, 1914இல் பிரேஸிலுக்கு வந்து சேர்ந்து, அமேசான் ஆற்றின் முகத்துவாரப் பகுதியில் உள்ள பெலெம் நகரில் தங்கிவிட்டார். அவரிடம் கற்றவர்களில் ஒருவர் கார்லோஸ் கிரேஸி. கார்லோஸும் அவருடைய தம்பிகளும் ரியோ நகரத்தில் அதை வளர்த்தார்கள். தம்பிகளில் ஹேலியோ மெலிந்த தேகி. தடியனைத் தூக்கி எறிய வலு இல்லாதவன் என்ன செய்வான்? கீழே கிடந்தபடியே சமாளிக்க வழி தேடுவான். இடுப்பும் காலும் நெம்புகோலாக வேலை செய்யும் முறைகள் அந்த வீட்டில் பெருகின.

1951இல் ரியோவின் மரக்கானா மைதானத்தில் ஜப்பானிய வீரர் கிமுராவிடம் ஹேலியோ தோற்றார். எந்தக் கைப்பூட்டில் தோற்றாரோ அந்தப் பூட்டுக்கு அவர்கள் 'கிமுரா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் அதுதான் பெயர். மீசையில் ஒட்டிய மண்ணைத் துடைக்காமல், பாருங்கள் என்று ஊருக்குக் காட்டியவர்கள் போலும்.

மறுநாள் முதல் நான் மாணவன். தங்கைக்கு ஒரே வருத்தம். திருத்த வந்த அண்ணனும் சேர்ந்து உருள ஆரம்பித்துவிட்டானே!

கீழே கிடப்பவன் காலால் அமைக்கும் அந்தக் கோட்டைக்கு 'கார்டு' என்று பெயர். தமிழில் காவல் என்று வைத்துக்கொண்டோம். அதைக் கடந்து பக்கவாட்டில் போய் எதிராளியை மூன்று வினாடி அமர்த்திப் பிடித்தால் போட்டியில் மூன்று புள்ளி. இதற்குத் தமிழில் என்ன சொல்வது? 'காவல் கடத்தல்' என்றேன். "கடத்தல்னா போலீஸ் வந்துரும் மாமா" என்றான். பழந்தமிழில் கடத்தல் என்றால் வெல்லுதல் என்றே ஒரு பொருள் உண்டு என்று விளக்கினேன். எனக்கு அவன் கற்றுக்கொடுக்க ஆரம்பித்த முறைக்கு அவர்கள் 'நீ கட்' என்றார்கள். "நானா?" என்று கேட்டுவிட்டேன். முழங்காலால் குறுக்கே அறுத்துக்கொண்டு போவது என்று அர்த்தமாம். இந்த வித்தையில் காவல் தாண்டும் வழிகள் பல இருந்தாலும் முதன்முதலாகக் கற்பிக்கும் வழிகளில் இது ஒன்று.

முதல் பாடம் நாலு நாள் நடந்தது. நாலு நாளும் ஒரே வாக்கியம்: "முதுகை நிமித்துங்க மாமா."

பிடிக்குள் அகப்பட்டவன் பயத்தில் குனிகிறான். கீழே இருப்பவனுக்கு வேண்டியதும் அதுதான். தலை முன்னால் வந்தால் கழுத்து அவனுக்கு. கை தரைக்கு வந்தால் கை அவனுக்கு. ஆகவே இடுப்புக்கு நேர் மேலே தலை நிற்கும்படி நிமிர வேண்டும். ஒரு கையால் அவனுடைய அங்கியின் இரு விளிம்புகளையும் சேர்த்து மார்பின்மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றொரு கை அவன் இடுப்பில். முழங்கைகள் உள்ளுக்குள் ஒடுங்கியிருக்க வேண்டும்.

"என்னைத் தாண்டறது அப்புறம் மாமா. முதல்ல நீங்க ஒழுங்கா உட்காருங்க" என்றான் மருமகன். அவன் குஸ்தியைப் பற்றித்தான் சொன்னான். எனக்கு ஏனோ திண்ணையில் நிகழ்த்திய அரங்கேற்றம் ஞாபகம் வந்தது.

இரண்டாவது பாடம் பூட்டைத் திறப்பது. பின்னால் கோத்த கணுக்கால்களைக் கையால் பிரிக்கப் போனால் நடக்காது. ஒரு முழங்காலை அவன் புட்டத்துக்கு நடுவில் கொடுத்து, மற்றொரு காலைப் பின்னால் தள்ளி வைத்து, உடம்பைச் சற்றே ஒருக்களித்துப் பின்பக்கம் சாய வேண்டும். இடுப்பைப் பிடித்த கையின் முழங்கை அவன் தொடையை உள்ளிருந்து அழுத்தும். பிறகு காத்திருக்க வேண்டும். சாய்ந்த பாரம் தாங்காமல் கணுக்கால் தானே பிரிந்துகொள்ளும்.

பிரிந்ததும்தான் அபாயம். கதவு திறந்தது என்று நான் உள்ளே பாய்வேன். அதற்குள் அவன் முழங்கால் குறுக்கே கேடயமாக நிற்கும். அல்லது என் ஒரு காலைத் தன் இரண்டு கால்களுக்கும் நடுவில் சிறைப்பிடித்துப் பாதிக் காவலாக மாற்றிவிடுவான். நான் பழையபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முறை இதுதான்: நடுவில் இருக்கும் முழங்காலை அவனுடைய ஒரு தொடையின்மேல் குறுக்காகச் சறுக்கித் தரையைத் தொடவைக்க வேண்டும். அதே சமயத்தில் ஒரு கை அவனுடைய அப்புறத்து அக்குளுக்குக் கீழே நுழைந்து தோளை அணைக்க வேண்டும். இன்னொரு கை, இப்புறத்துச் சட்டைக் கையை மேலே இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். மார்பு மார்போடு ஒட்ட வேண்டும். கடைசியாக மாட்டிக்கொண்டிருக்கும் பாதத்தை மெல்ல உருவிக்கொள்ள வேண்டும். எழுதும்போது ஐந்து வாக்கியம். செய்யும்போது, கை சரியாக இருந்தால் முழங்கால் மறந்துபோகிறது. முழங்கால் சரியாக இருந்தால் கை மறந்துபோகிறது.

"கிடைச்சதை விட்டுட்டு அடுத்ததுக்குத் தாவறீங்க மாமா."

"நாவல்லயும் அப்படித்தான் எழுதறேன்னு விமரிசகர்கள் சொல்றாங்க, கண்ணு."

ஒன்பதாம் நாள் இரவு, ராகிக் களியும் கீரையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எனக்குத் திடீரென்று புறநானூற்றின் 80ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூரில் ஒரு மல்லனோடு பொருத காட்சியைச் சாத்தந்தையார் என்ற புலவர் பாடியது. மல்லனின் வலிமையை முறித்து, ஒரு காலை அவன் மார்பிலே மடித்து ஊன்றி, மற்றொரு காலை அவன் செய்யும் உபாயத்தைத் தடுத்து முதுகுப்புறம் வைத்திருந்தானாம் நற்கிள்ளி. பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் படித்தபோது இந்தக் கால் கணக்கு எனக்கு விளங்கியதே இல்லை. இப்போது, தொடையெல்லாம் கன்றிப்போன நிலையில், கண்ணால் பார்க்கிற மாதிரி விளங்கியது.

பையன் சோற்றுக் கையோடு நிமிர்ந்து உட்கார்ந்தான். "மார்புல ஒரு கால், பின்னால ஒரு காலா? மறுபடியும் சொல்லுங்க மாமா" என்றான். சாப்பாட்டை விட்டுவிட்டுத் தரையில் தலையணையைப் போட்டு ஆமூர் மல்லனாக்கி, இப்படி இருக்குமா, அப்படி இருக்குமா என்று செய்து பார்த்தான். எட்டு மாதமாக 'ஒண்ணுமில்லம்மா' என்பதைத் தவிர வேறு பேச்சுக் கேட்காத தங்கை அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள்.

"அந்தப் பாட்டுல இன்னொரு விஷயமும் இருக்கு, கண்ணு" என்றேன். "நற்கிள்ளிக்கும் அவன் அப்பன் தித்தனுக்கும் மனஸ்தாபம். புலவர் என்ன ஆசைப்படறார் தெரியுமா? மகிழ்ந்தாலும் சரி, மகிழாட்டியும் சரி, இந்தச் சண்டையை அந்த அப்பன் ஒரு தடவை வந்து பார்க்கணும்கிறார்."

இதை நான் திட்டம் போட்டுச் சொன்னேன் என்று எண்ண வேண்டாம். சொல்லி முடித்த பிறகுதான், மச்சான் மூலையில் உட்கார்ந்து மோர் விட்டுக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மோரைக் குடித்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் மாலை மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் டார்ச் விளக்கோடு மச்சான் வந்து நின்றார். இருட்டினால் அந்தச் சரிவுகளில் காட்டுமாடு இறங்கும். அதனால் துணைக்கு வந்ததாகச் சொன்னார். ஒரு பழைய மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்து, நான் முழங்காலைச் சறுக்குவதையும், கையை மறப்பதையும், மறுபடி பூட்டப்படுவதையும் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரத்தைப் பார்க்கிற பார்வை.

பிறகு பேசினார். "மச்சான், நீங்க ரயில்ல வந்தீங்கல்ல? நடுவுல பல்லுச் சட்டம் ஒண்ணா, ரெண்டா?"

நான் கவனித்ததே இல்லை.

"ரெண்டு. பக்கத்துப் பக்கத்துல. ஒண்ணோட பல்லுக்கு நேரா இன்னொண்ணோட பல்லு இருக்காது. மாத்தி மாத்தி வச்சிருக்கான். ஒரு பல்லு விடுறப்ப இன்னொரு பல்லு பிடிச்சிருக்கும். ரெண்டும் விட்ட நேரமே கிடையாது. அதனாலதான் வண்டி பின்னால சறுக்கறதில்லை. நீங்க ரெண்டையும் ஒண்ணா விட்டுடறீங்க."

ரோமன் ஆப்ட் என்ற ஸ்விட்ஸர்லாந்து எஞ்சினீயர் கண்டுபிடித்த முறை அது. அந்த முறையில் நூறு வருஷத்துக்கு மேலாக ஏறும் வண்டியில் நானும் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன். உபதேசம் தயாரிக்கிற மும்முரத்தில் பல்லை யார் பார்த்தார்கள்?

பையன் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். "அதேதாம்ப்பா! ஒரு பிடி விடறதுக்கு முந்தி அடுத்த பிடி உக்காந்திருக்கணும். இதை எப்படிச் சொல்லித் தரதுன்னு எனக்கு வார்த்தையே வரலை" என்றான். அப்பனும் மகனும் பல்லைப் பற்றியும் பிடியைப் பற்றியும் பேச ஆரம்பித்தார்கள். என்னை மறந்துவிட்டார்கள். நான் பாயின் ஓரத்தில் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தனை சுகமாக நான் மறக்கப்பட்டதில்லை.

அன்றிரவு வீடு திரும்பும்போது மேகம் இறங்கியிருந்தது. மச்சான் டார்ச்சோடு முன்னால், நடுவில் பையன், பின்னால் நான். இருபுறமும் தேயிலை. பாதி வழியில் பையன் தானாகவே பேசினான். அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

கம்பெனியில் ஆட்குறைப்புச் செய்தார்களாம். இவனுக்குக் கீழே இருந்த ஒன்பது பேரில் மூன்று பேருடைய பெயரை எழுதிக் கொடு என்றார்களாம். அந்த ஒன்பது பேரில் ஒருவர் இவனைவிட வயதில் மூத்தவர். இவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். சம்பளம் அதிகம், வேகம் குறைவு என்ற கணக்கில் அவர் பெயர் மேலே வந்தது. எழுதிக் கொடுத்துவிட்டான்.

மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சதூரம் நடந்த பிறகு கேட்டார். "அவர்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேம்ப்பா. வீட்டுக்கே போய், நான்தான் எழுதினேன்னு சொன்னேன். அவரு காப்பி குடுத்தாரு. அடுத்த நாள்தான் ராஜிநாமா எழுதினேன்."

டார்ச் வெளிச்சம் ஒரு கணம் நின்றது. மறுபடி நகர்ந்தது. "சரி" என்றார் மச்சான்.

என் கையில் அப்போது மூன்று பாகத்தில் ஓர் உபதேசம் தயாராக இருந்தது. பொறுமை என்ற முதல் பாகத்தை அந்தப் பையனிடம் திண்ணையில் எடுத்துச் சொல்லியிருந்தேன் என்பதை நினைத்து, இருட்டில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியத்தில், தலையைக் குனிந்துகொண்டேன். ஊரும் உறவும் அவனை விழுந்தவன் என்று முடிவு கட்டியிருந்தோம். தூக்கி நிறுத்துகிறேன் பேர்வழி என்று ஆளுக்கு ஒரு பக்கமாக இழுத்தோம். இழுக்க இழுக்க அவன் கால்களை இறுக்கிக்கொண்டான். படுத்தபடியே தன்னைக் காத்துக்கொண்டிருந்தான் என்பதும், எதிரே இருந்ததைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதும் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அதற்கப்புறம் நான் உபதேசிக்கவில்லை. மாலையில் போய் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன், அவ்வளவுதான். மச்சான் தினம் வந்தார். காட்டுமாட்டைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டார்.

பதினேழாம் நாள் அது நடந்தது. நிமிர்ந்தேன். சாய்ந்தேன். காத்தேன். கணுக்கால் பிரிந்தது. பாயவில்லை. அக்குளுக்குக் கீழே கை உட்கார்ந்த பிறகு முழங்காலை விட்டேன். முழங்கால் தரையைத் தொட்ட பிறகு சட்டைக் கையை இழுத்தேன். ஒரு பல் விடுவதற்குள் இன்னொரு பல். பாதத்தை உருவினேன். திரும்பிப் பார்த்தால் நான் அவன் பக்கத்தில் இருந்தேன். மார்பு அவன் மார்பின்மேல் இருந்தது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு" என்று மரப்பெட்டியிலிருந்து மச்சான் எண்ணினார். சின்னப் பையன்கள் கைதட்டினார்கள்.

"வேணும்னு விட்டியா, கண்ணு?" என்று அவன் காதோடு கேட்டேன்.

"பாதி விட்டேங்க மாமா. பாதி நீங்க வந்தீங்க" என்றான். எனக்கு மீசை இல்லை. இருந்திருந்தால் அந்தப் பாதி மண்ணைச் சந்தோஷமாக ஒட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

மறுநாள் குன்னூர் ரயிலடியில் தங்கை கேட்டாள். "அண்ணா, அவன்கிட்டப் பேசினீங்களா? வேலைக்கு எப்பப் போறானாம்?" கேட்கவில்லை என்றேன். அவளுக்குக் கோபம். வண்டி நகர்ந்தது. இறக்கத்தில் எஞ்சின் முன்னால் இருந்து, முழு வண்டியின் பாரத்தையும் தன் முதுகில் தாங்கிக்கொண்டு மெதுவாக இறங்கும். கல்லாறு வரையில் நான் ஜன்னலில் தலையை நீட்டி, நடுவில் இருந்த இரண்டு வரிசைப் பற்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவன் இன்னும் குன்னூரில்தான் இருக்கிறான். காலையில் அப்பனும் மகனுமாகச் சேர்ந்து பாதித் தோட்டத்தைக் கவாத்து வெட்டி முடித்துவிட்டார்களாம். மாலையில் மாடியில் இப்போது பதினோரு பிள்ளைகள். வேலைக்கு எப்போது போகப்போகிறான் என்று தங்கை வாரம் ஒருமுறை கேட்கிறாள். நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

என் முழங்காலுக்கு மனைவி இன்றைக்கும் நீலகிரித் தைலம் தேய்க்கிறாள். "பையனுக்குப் புத்தி சொல்லப் போன இடத்துல நீங்க என்னத்தைச் சாதிச்சீங்க?" என்று தேய்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். மூன்று வினாடி என்று சொன்னால் அவளுக்குப் புரிவதில்லை.